அருணாசலம் எண்ணிய சனம்

பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட ஒரு மாடி அறையில் சனி, ஞாயிறுகளில் வகுப்பெடுக்கிறேன். வருகிறவர்கள் சமூகவியல், புவியியல், அரசறிவியல் படிக்கும் பிள்ளைகள். பாடம் அறிமுகப் புள்ளிவிபரவியல். கணக்கிலிருந்து தப்பத்தான் உயர்தரத்தில் கலைப்பிரிவை எடுத்தோம் என்று நிம்மதியாக இருந்தவர்களை, பல்கலைக்கழகத்து முதலாம் வருடத்திலேயே இடை, இடையம், ஆகாரம், நியம விலகல் என்று கணக்கு திரும்பவும் வந்து வழிமறிக்கிறது. முதல் நாள் அவர்களின் முகத்தைப் பார்த்தால் பல்லுப் பிடுங்க வந்தவர்கள் மாதிரி இருக்கும்.

முன்பெல்லாம் கிரிக்கெட் ஓட்டங்களை வைத்துத் தொடங்குவேன். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். சில வருடங்களாக ஒரு மனிதரை வைத்துத் தொடங்குகிறேன். சேர் பொன்னம்பலம் அருணாசலம்.

அவருடைய அண்ணனைப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். பல்கலைக்கழகம் நிற்கிற திருநெல்வேலி வளவே சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவுதான். 1974இல் அங்கேதான் யாழ்ப்பாண வளாகம் வந்தது. பக்கத்து வீதிக்கும் இராமநாதன் பெயர். தம்பி அருணாசலமோ அவர்களுக்கு ஒரு வரி விடை மட்டும்: இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர். எங்கள் பூட்டன், பூட்டிமாரை ஒவ்வொருவராக எண்ணி எழுதுவித்தவர் அவர் என்று இதுவரை ஒரு பிள்ளையும் எனக்குச் சொன்னதில்லை. நானும் அந்த வயதில் அறிந்திருக்கவில்லை.

அருணாசலம் பிறந்தது 1853 செப்ரெம்பர் 14, கொழும்பில். ஆனால் வேர் மானிப்பாய். தகப்பன் பொன்னம்பல முதலியார் அங்கிருந்து கொழும்புக்குப் போய்ப் பெயரும் பொருளும் தேடியவர். கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கட்டியவரும் அவர்தான். தாய்மாமன் சேர் முத்து குமாரசுவாமி. கலை வரலாறு எழுதிய ஆனந்த குமாரசுவாமி மைத்துனர். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர் படிப்பில் சோடை போனால்தான் அதிசயம். பின்னாளில் றோயல் கல்லூரி என்று பெயர் மாறிய கொழும்பு அக்கடமியில் படித்து, புலமைப்பரிசில் எடுத்து, கேம்பிரிட்ஜின் கிறைஸ்ற் கல்லூரிக்குப் போனார். அங்கே அவர் படித்தவற்றில் கணிதமும் ஒன்று. பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்வேன். திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், சைவ சித்தாந்தத்தில் ஊறியவர், வரலாறு எழுதியவர், அதே ஆள் கணக்கும் படித்தவர். கலைப்பிரிவு, கணிதப்பிரிவு என்று இடையில் மதில் கட்டியது நாங்கள்தான்.

கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்த நண்பர்களில் எட்வேர்ட் கார்ப்பென்ரர் ஒருவர். பிற்காலத்தில் இங்கிலாந்தில் சமதர்ம எழுத்தாளராகப் பெயர் பெற்றவர். இந்த நட்பு சாகும்வரை நீடித்தது. 1890இல் கார்ப்பென்ரர் இலங்கைக்கு வந்தார், பயண நூலும் எழுதினார். அருணாசலத்தின் அரசியலில் கூலித் தொழிலாளர் மீது இருந்த கரிசனையின் ஒரு இழை இந்த நட்பிலிருந்தும் வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

1875இல் பாரிஸ்டர் பட்டத்தோடு இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்தார். போட்டிப் பரீட்சையில் தேறி அதற்குள் போன முதல் இலங்கையர் அவர். அதுவரை பெரும்பாலும் வெள்ளையரே இருந்த கதிரைகள். பிறகு பல ஊர்களில் நீதவானாக, மாவட்ட நீதிபதியாகப் பணி. 1880களின் கடைசியில் தேசாதிபதி ஆதர் கோர்டன் மூப்பு வரிசையில் பலரைத் தாண்டி இவரைப் பதிவாளர் நாயகமாக்கினார். தாண்டப்பட்டவர்கள் வெள்ளைக்காரர்கள். அவர்கள் எப்படிப் புழுங்கியிருப்பார்கள் என்பதை விபரிக்கத் தேவையில்லை.

பதிவாளர் நாயகம் என்ற வேலையை எங்கள் சனத்துக்கு விளக்க வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி, இறப்புச் சான்றிதழ். இந்த நான்கு கடதாசிகளையும் ஒரு ஷொப்பிங் பையில் சுற்றி, நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிளாலிக் கடலைக் கடந்தவர்கள் நாங்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பக்கம் நடந்தபோது என் அம்மாவின் கையில் இருந்தது ஒரு குடமும் அந்தப் பையும்தான். நகை கூட அதற்குப் பிறகுதான். காணிப் பதிவு, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவற்றை உள்ளடக்கிய அந்தத் திணைக்களத்தை ஒரு தசாப்தத்துக்கு மேல் நடத்தி ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் அருணாசலம். ஒரு ஆள் பிறந்தார், இன்ன இடத்தில் இன்னாருக்குப் பிறந்தார், இன்ன நாளில் இறந்தார் என்று அரசாங்கம் எழுதி வைத்திருப்பது சின்னக் காரியம் இல்லை. எழுதாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை அனுபவித்த பிறகுதான் அதன் பெறுமதி தெரிகிறது.

இனி 1901.

இலங்கையில் பத்து வருடத்துக்கு ஒரு முறை ஒழுங்காகக் குடிசன மதிப்பீடு எடுக்கத் தொடங்கியது 1871இல். 1881, 1891 கடந்து நாலாவது, 1901 மார்ச் 1ஆம் திகதி. அதை நடத்தும் பொறுப்பு அருணாசலத்திடம் வந்தது. முழுத்தீவையும் எண்ணும் வேலை, மானிப்பாய் வழிவந்த ஒருவர் தலையில். கணினி இல்லை, கணிப்பான் இல்லை. அமெரிக்காவில் ஹொலரித் என்பவர் துளையிட்ட அட்டைகளை எண்ணும் இயந்திரத்தைச் செய்து 1890 கணக்கெடுப்பில் பாவித்துப் பத்து வருடம்தான் ஆகியிருந்தது. லண்டனில் கார்ல் பியர்சன், என் பிள்ளைகள் இன்றும் பயப்படுகிற கை-வர்க்கச் சோதனையை வெளியிட்டது 1900இல். புள்ளிவிபரவியல் என்ற துறையே அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தது.

எண்ணி முடித்தபோது இலங்கையில் 35 இலட்சத்து 65 ஆயிரத்து 954 பேர். 1891இல் 30 இலட்சத்து 7 ஆயிரத்து 789. பத்து வருடத்தில் 5 இலட்சத்து 58 ஆயிரத்து 165 பேர் கூட. 18.6 வீதம். 1902இல் அறிக்கை வெளிவந்தது, பல தொகுதிகளாக. வெறும் அட்டவணைக் கட்டாக அவர் அதைக் கொடுக்கவில்லை. தீவின் வரலாறு, இனங்கள், மதங்கள், மொழிகள் என்று வாசிக்கக்கூடிய ஒரு நூலாக எழுதினார். கணக்கெடுப்பு அறிக்கையை இலக்கியம் போல எழுதினார் என்ற பெயர் அவருக்கு இன்றைக்கும் உண்டு. சமூக அறிவியல் மாணவர் ஒருவர் எண்களோடு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எங்கள் நாட்டில் முதல் நல்ல உதாரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

அந்தக் கணக்கிலிருந்து ஒரு பயிற்சி. 1901இல் ஆண்களில் 100க்கு 42 பேருக்கு எழுத வாசிக்கத் தெரியும். பெண்களில் 100க்கு 8.5 பேருக்குத்தான். அப்படியானால் மொத்தச் சனத்தில் எத்தனை பேர்? பிள்ளைகள் உடனே இரண்டையும் கூட்டி இரண்டால் பிரிப்பார்கள். 25.25 வரும். அட்டவணையிலோ 26.4 என்று இருக்கும். அச்சுப் பிழை என்பார்கள். பிழை அச்சில் இல்லை. கூட்டி இரண்டால் பிரித்தால் ஆணும் பெண்ணும் சரிபாதி என்று நாமாகவே தீர்மானித்துவிட்டோம் என்று அர்த்தம். 26.4 வர வேண்டுமானால் ஆண்களின் பங்கு எவ்வளவாக இருக்க வேண்டும் என்று திருப்பிக் கணக்குப் பார்க்கச் சொல்வேன். 100 பேரில் ஏறத்தாழ 53 பேர் ஆண்கள் என்று வரும். அன்றைய இலங்கையின் நிலைமையும் அதுதான்.

அது ஏன் 53 என்ற கேள்விக்குத்தான் வகுப்பு விழித்துக்கொள்ளும். இரண்டு காரணம். பிள்ளைப்பேற்றில் செத்துப்போன பெண்கள் ஒன்று. கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சனத்தில் ஆண்கள் கூட என்பது மற்றது. எழுத்தறிவு பற்றிய ஒரு சராசரிக்குள், காட்டுவழி நடந்து மலைக்குப் போன கூலியாட்களும் பிரசவ அறையில் இறந்த தாய்மாரும் இருக்கிறார்கள். நிறையிட்ட இடை என்ற பாடம் இதற்குமேல் விளக்கம் கேட்காது. இதை முதன்முதலில் கரும்பலகையில் செய்து காட்டியபோது எனக்கே உடம்பு ஒரு முறை சிலிர்த்தது, பொய் சொல்வானேன்.

அருணாசலத்தைத் தெய்வமாக்கிக் கொண்டு போக எனக்கு விருப்பம் இல்லை. எண்ணுவதற்கு முன் பெட்டி கட்ட வேண்டும், யார் எந்தப் பெட்டிக்குள் என்று. அந்தப் பெட்டிகள் பிறகு மனிதரைக் கட்டிப்போடும். கண்டிச் சிங்களவர், கரையோரச் சிங்களவர் என்று சிங்களவரை இரண்டாகப் பிரித்து எண்ணியது 1901 கணக்கெடுப்பில். தமிழரை அந்தமுறை ஒன்றாகத்தான் எண்ணினார்கள்: ஏறக்குறைய 9 இலட்சத்து 51 ஆயிரம். பத்து வருடம் கழித்து 1911இல் டென்ஹாம் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் கணக்கெடுப்பில்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு நிரல் வந்தது. இலங்கைத் தமிழர் 528,024. இந்தியத் தமிழர் 530,983. ஏறக்குறைய சரிபாதி. அட்டவணையில் போட்ட ஒரு கோடு. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பல இலட்சம் பேர் நாடற்றவரானார்கள். இந்தப் பக்கம் நின்ற எங்களில் கொஞ்சப் பேர் அதற்குக் கை உயர்த்தினார்கள் என்பதையும் வகுப்பில் மறைக்காமல் சொல்வேன். வகைப்படுத்தல் என்ற அத்தியாயத்தில் பாடநூல் இதைச் சொல்லாது.

அருணாசலம் உயிரோடு இருந்திருந்தால் கை உயர்த்தியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். 1913இல் ஓய்வு பெற்ற பிறகு அவர் செய்த வேலைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது தோட்டத் தொழிலாளர் விடயம். தோட்டத்தை விட்டு ஓடிய தொழிலாளியைச் சிறையில் போடச் சட்டம் இடங்கொடுத்த காலம் அது. துண்டு முறை என்று ஒன்று இருந்தது. கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் ஆளை விடலாம் என்று ஒரு கடதாசி. ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் கடனோடு கைமாற்றுகிற ஏற்பாடு. 1915இல் சமூக சேவைக் கழகத்தையும், 1919இல் தொழிலாளர் நலனுக்கான கழகம் ஒன்றையும் நிறுவித் தலைமை தாங்கி இதற்கெதிராக அவர் வாதாடினார். துண்டு முறை 1921இல் ஒழிந்தது. சிறைத் தண்டனை 1922இல் நீங்கியது. மலையகத்து ஆட்களை நிரலில் எண்ணியவருக்கு அவர்கள் நிரலுக்கு வெளியிலும் மனிதராகத் தெரிந்திருக்கிறார்கள்.

பல்கலைக்கழகத்துக்கான இயக்கமும் அவருடையதுதான். 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தைத் தொடங்கினார். தாய்மொழிக் கல்வியையும் வற்புறுத்தினார். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்ததைக் கண்ணால் கண்டார். பேராதனையில் ஒரு விடுதிக்கு அருணாசலம் மண்டபம் என்று பெயர். அதில் தங்கிப் படித்த எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர், யாருடைய பெயர் என்று கேட்காமலே பட்டம் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

அரசியல் கதை எல்லோருக்கும் தெரிந்தது. சுருக்கமாக: 1919 டிசெம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்தது, அருணாசலம் முதல் தலைவர். இனவாரிப் பிரதிநிதித்துவம் வேண்டாம், பிரதேசவாரிப் பிரதிநிதித்துவம் போதும் என்று சிங்களத் தலைவர்களோடு கைகோத்தார். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று எழுத்தில் தரப்பட்ட வாக்குறுதியை நம்பினார். அது காப்பாற்றப்படவில்லை. 1921இல் வெளியேறினார், தமிழ் மகாஜன சபை உருவானது. இலங்கைத் தமிழ் அரசியலின் நூறு வருடத்து ஏமாற்றங்களில் முதலாவது என்று இதை எழுதுகிறவர்கள் உண்டு. சனத்தொகை விகிதம் என்னவென்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அன்று யாரும் இருந்திருக்க முடியாது. எல்லா எண்ணும் கையில் இருந்த மனிதர், எண்ணைப் பார்க்காமல் வாக்கை நம்பியிருக்கிறார். அது பிழையா பெருந்தன்மையா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை.

1924 ஜனவரி 9, தல யாத்திரை போன இடத்தில், மதுரையில் காலமானார். வயது எழுபது.

இனி எங்கள் கணக்கு. ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ இதற்கு வந்துவிடுவேன்.

1981 மார்ச்சில் எடுத்த கணக்கெடுப்புத்தான் போருக்கு முன் முழுத்தீவிலும் எடுத்த கடைசிக் கணக்கு. 1991இல் எடுக்கவே இல்லை. 2001இல் எடுத்தார்கள், ஆனால் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக முடிந்தது. யாழ்ப்பாணத்துக்கு அந்த நிரலில் கோடு. முதல் பாடம் இதுதான்: வெற்றிடம் பூச்சியம் இல்லை. எண்ணவில்லை என்பது வேறு, ஆள் இல்லை என்பது வேறு. பாதிப் பிள்ளைகள் கொம்பியூட்டரில் தரவு ஏற்றும்போது வெற்றிடத்தில் 0 என்று அடித்துவிடுவார்கள். நான் கத்துவேன். 0 என்று அடித்தால் சராசரி சரிந்துவிடும் என்பது கணக்குக் காரணம். எனக்கு வேறு காரணமும் இருக்கிறது.

முப்பத்தொரு வருடம் கழித்து, 2012 மார்ச்சில் திரும்ப எண்ணினார்கள். 1981இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் 830,552 பேர். ஆனால் அன்று கிளிநொச்சியும் யாழ்ப்பாணத்துக்குள் இருந்தது, 1984இல்தான் தனி மாவட்டமானது. ஆகவே 2012இல் இரண்டையும் கூட்டித்தான் ஒப்பிடலாம். யாழ்ப்பாணம் சுமார் 583 ஆயிரம், கிளிநொச்சி சுமார் 113 ஆயிரம், மொத்தம் ஏறக்குறைய 6 இலட்சத்து 97 ஆயிரம். இதே காலத்தில் முழு இலங்கை 1 கோடியே 48 இலட்சத்திலிருந்து 2 கோடியே 3 இலட்சமாக, 37 வீதம் வளர்ந்திருக்கிறது. நாங்களும் அதே வேகத்தில் வளர்ந்திருந்தால் 11 இலட்சத்து 39 ஆயிரம் இருந்திருப்போம். வித்தியாசம் 4 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல்.

இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பு அமைதியாகிவிடும். யாராவது ஒருவர் இவ்வளவு பேரையும் கொன்றுவிட்டார்கள் என்று சொல்வார். அந்த இடத்தில்தான் நான் அவர்களின் கோபத்தைச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. இல்லை, இது செத்தவர்களின் எண் இல்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பரிசிலும் இருக்கிறவர்கள் இதற்குள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறவர்கள், வெள்ளவத்தையில் வீடு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். 1990இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனம் இருக்கிறது, அதை நாங்கள் விட்டுவிட்டு எண்ணக் கூடாது. கலியாணம் கட்டாமல் போனவர்களுக்குப் பிறக்காமல் போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். செத்தவர்களும் இருக்கிறார்கள். பிறப்பு, இறப்பு, வந்தவர், போனவர் என்ற நாலையும் தனித்தனியே தெரிந்தால்தான் ஒன்றைப் பிரித்து எடுக்கலாம். எங்களுக்கு நாலில் ஒன்றும் ஒழுங்காகத் தெரியாது. பதிவு நடந்த வருடங்களைவிட நடக்காத இடங்கள்தான் கூட.

அடுத்து முள்ளிவாய்க்கால் கணக்கு. மறைந்த மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்த எண் 146,679. அதை எப்படிப் பெற்றார் என்று பார்க்கச் சொல்வேன். 2008 ஒக்ரோபரில் கச்சேரிக் கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. 2009 யூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் என்று ஐ.நா. கொடுத்த எண் 282,380. கழித்தால் மிச்சம் 146,679. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கழித்தல். ஆனால் ஆயர் இவ்வளவு பேரும் இறந்தார்கள் என்று சொல்லவில்லை. இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். புள்ளிவிபரவியல் படித்தவர் கேட்கக்கூடிய மிகச் சரியான கேள்வி அதுதான். இரண்டு எண்ணும் ஒரே சனத்தைத்தான் குறிக்கிறதா, திகதி பொருந்துகிறதா, இடையில் கடல்வழி போனவர்கள் எத்தனை, பங்கீட்டுக்காக ஒரு குடும்பம் இரண்டு இடத்தில் பதிந்ததா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போவேன். நீங்கள் யாருடைய பக்கம் சேர் என்று ஒருமுறை ஒரு பெடியன் எழும்பியே கேட்டுவிட்டான். இந்தக் கேள்விகளை நாளைக்கு ஜெனீவாவில் உன்னிடம் எதிராளி கேட்பான், அதற்கு முன் நான் கேட்கிறேன் என்றேன். அவன் இருந்தான், ஆனால் முகம் மாறவில்லை. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல், நாற்பதாயிரம் பேர்வரை இறந்திருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாது என்று எழுதியது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வித்தியாசம் இரண்டு எண்ணுக்கும் இடையில். இவ்வளவு அகலமான இடைவெளியோடு ஒரு சனம் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

அன்று வகுப்பில் புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பிள்ளை ஒன்று கடைசி வாங்கில் இருந்தது. பேசுவது குறைவு. எல்லாரும் போன பிறகு வந்து, மதிப்பீடு எதற்கு, ஊர் ஊராகப் பெயரை எழுதினால் முடியாதா என்று கேட்டது. தன் கிராமத்தில் தனக்கே நூற்றுக்கு மேற்பட்ட பெயர் தெரியும் என்றது. என்னிடம் பதில் இருக்கவில்லை. மாதிரி எடுப்பதும் மதிப்பிடுவதும் பெயர்ப்பட்டியல் இல்லாதபோது செய்கிற வேலை. பட்டியல் எடுக்க முடியுமானால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆயிரக்கணக்கில் ஆட்களை அனுப்பி வீடு வீடாக எழுதுவித்த அருணாசலம் அந்தப் பிள்ளையின் பக்கம்தான் நின்றிருப்பார்.

அண்ணன் வன்னிக்குள் இருந்தவர். 2009 ஏப்ரலுக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

2012இல் கணக்கெடுக்க வந்தவர் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற ஆசிரியர். வீட்டில் வழமையாக வசிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். அம்மா ஐந்து என்றா. அம்மா, நான், மனைவி, மகள். ஐந்தாவது யார் என்றார். அம்மா அண்ணனின் பெயரைச் சொன்னா. அவருக்கு விடயம் தெரியும். பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இங்கே இருக்கிற ஆட்களைத்தான் அம்மா எழுதலாம் என்று மெதுவாகச் சொன்னார். இது அவன்ரை வீடு, வேறை எங்கை அவன் வழமையாக இருப்பான் என்று அம்மா கேட்டா. வரைவிலக்கணத்தின்படி அவர் சொன்னது சரி. அந்த வரைவிலக்கணத்தை வகுப்பில் படிப்பிக்கிறவன் நான். அவர் என்னைப் பார்த்தார். நான் நாலு என்றேன். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

2010இல் வந்த சட்டத்தின்படி காணாமல்போனவருக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்கலாம் என்றார்கள். அம்மா மறுத்துவிட்டா. 2016இல் சட்டத்தைத் திருத்தி, இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமல்போனமைச் சான்றிதழ் எடுக்கலாம் என்றார்கள். இரண்டையும் தருவது அதே பதிவாளர் நாயகத்தின் திணைக்களம்தான். ஆளின் பிறப்பை எழுதலாம், இறப்பை எழுதலாம், இப்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு கடதாசி. காணி மாற்ற, வங்கிக் கணக்கு எடுக்க அது உதவும் என்று விளங்கப்படுத்தினேன். அந்தப் படிவம் எங்கள் வீட்டு அலுமாரியில், 1995இல் நாவற்குழி தாண்டிய அதே பையோடு, நிரப்பாமல் இருக்கிறது. பையில் அண்ணனின் பிறப்புச் சான்றிதழும் இருக்கிறது.

2024 கடைசியில் திரும்பவும் கணக்கெடுக்க வந்தார்கள். இந்தமுறை கடதாசி இல்லை, கையில் ரப்லெற். மகள் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டாள், வீட்டில் நாங்கள் மூன்று பேர். வந்த நேரம் நான் வகுப்பில் இருந்தேன், மனைவி சந்தைக்குப் போயிருந்தா. வந்தது இளம் பிள்ளை என்றும், தேத்தண்ணி குடித்துவிட்டு நிறைய நேரம் இருந்து கதைத்துவிட்டுத்தான் போனது என்றும் அம்மா சொன்னா. எத்தனை பேர் என்று சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.